முன்னால் நடக்க ஓர் ஆள்

சாப்பாட்டு மேசையில் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் மலைப் பூங்காவின் வரைபடத்தைக் கிடத்தி, இன்னொரு துண்டால் போர்த்தி, இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார் மாடிவீட்டுக்காரர். சூடு மிதமாக இருக்க வேண்டும். பெட்டியை ஓரிடத்தில் நிறுத்தக் கூடாது. வரைபடத்தில் மடிப்பு விழுந்த இடத்தில்தான் மனிதன் வழி தவறுகிறான் என்பது அவர் கட்சி. “மடிப்புக்குள்ள ஒரு ஓடை ஒளிஞ்சிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும்” என்பார். கோடை இறங்குமுகமாகும்போது வருடத்துக்கு ஒருமுறை இந்த இஸ்திரி நடக்கும். அவருடைய சட்டைகளுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

மாடிவீட்டுக்காரர் என்பது கட்டட வேலை நடக்கும் இடத்தில் வைத்த பெயர். உண்மையில் அவர் குடியிருப்பது தரைத்தளத்தில். பிழைப்புதான் உயரத்தில். டவர் கிரேன் ஓட்டுகிறார். காலையில் ஏணி ஏறினால் வேலை முடிந்துதான் இறங்குவார். சாப்பாடு, தேநீர், முணுமுணுப்பு எல்லாம் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள்ளேயே. கீழே கம்பி கட்டுகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, மாடிவீட்டுக்காரர் வீட்டில் இருக்கிறாரா என்று வாக்கிடாக்கியில் விசாரிப்பார்கள். “வாடகைக்கு ஆள் வந்திருக்கா?” என்று மேலிருந்து பதில் வரும். முப்பது வருடமாக அதே கேள்வி, அதே பதில். இரு தரப்புக்கும் அலுக்கவில்லை.

தொழில் கண்ணைத் தூரத்துக்குப் பழக்கிவிட்டது. அடுத்த தெருவில் மொட்டைமாடியில் நிற்பவரின் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை என்று சொல்லிவிடுவார். காலடியில் கிடக்கும் செருப்பு மட்டும் தெரியாது. இடறிவிட்டு, செருப்பை ஒரு முறை முறைப்பார்.

கோடை தொடங்கும்போது காட்டுக்குப் போகிறவர்கள் பூ பார்க்கப் போகிறவர்கள், முடியும்போது போகிறவர்கள் மிருகம் பார்க்கப் போகிறவர்கள் என்று உலகத்தையே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார். கோடையின் கடைசியில் ஓடைகள் வற்றி, முழங்கால் நனையாமல் தாண்டலாம். கொசு ஓய்ந்திருக்கும். பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் கூச்சலும் ஓய்ந்திருக்கும். புதர்களில் பழம் கனிந்து கிடக்கும். கரடிகள் தலை நிமிராமல் தின்றுகொண்டிருக்கும். மான்களின் கொம்பு முழுசாக வளர்ந்து தோல் உரிந்திருக்கும். இதையெல்லாம் அவர் ஒரு வியாபாரி சரக்கைப் பற்றிச் சொல்வதுபோல் உத்தரவாதமாகச் சொல்வார்.

பயணத் திட்டம் எப்போதும் இரண்டு பூங்காக்கள். முதலில் சதுப்புநிலப் பூங்கா. சமதரை, மரப்பலகைப் பாதை, நாரைகள், நீர்நாய்கள். “எஞ்சினச் சூடு பண்ற எடம்” என்பார். அதற்குப் பிறகு மலைப் பூங்கா. எந்தப் பாதையை எந்தத் திசையிலிருந்து நடப்பது என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கும். காற்று முகத்தில் அடிக்க வேண்டும். முதுகில் அடித்தால் நம் வாடை நமக்கு முன்னால் போய் மிருகங்களிடம் தகவல் சொல்லிவிடும். கிரேன் ஓட்டுகிறவருக்குக் காற்றைக் கேட்காமல் கை அசையாது. வீட்டு ஜன்னல் கம்பியிலும் ஒரு துணிக்கீற்றைக் கட்டி வைத்திருக்கிறார். விருந்தாளிகள் அதை வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டு ஒன்றும் கேட்பதில்லை.

அவருக்குத் தூரம் என்றால் அவர் மனைவிக்குத் தரை. அந்த அம்மாள் காலணிக் கடையில் வேலை பார்த்தவர். வாழ்க்கையில் பாதியை அடுத்தவர் காலடியில் முழங்காலிட்டுக் கழித்தவர். ஆளின் முகத்தைப் பார்க்குமுன் காலைப் பார்த்துவிடுவார். எந்தப் பக்கம் அடி தேய்ந்திருக்கிறது, எந்த விரல் நெருக்குகிறது, இந்த மனிதர் அவசரக்காரரா, பிடிவாதக்காரரா எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். காட்டிலும் அதே வித்தைதான். சேற்றில் பதிந்த குளம்பைப் பார்த்து, இது காலையில் போனது, இது குட்டியோடு போனது, இது நொண்டுகிறது என்று சொல்லிவிடுவார். மகள் லிஃப்ட் பழுதுபார்ப்பவள். “ஒருத்தர் மேலயே இருக்காரு. ஒருத்தி மேலயும் கீழயும் போயிட்டு வர்றா. தரையில குடும்பம் நடத்துறது நான் ஒருத்திதான்” என்று அந்த அம்மாள் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார்.

காட்டில் பேசக் கூடாது என்பதால் கணவனும் மனைவியும் கிரேன் சைகையில் நடந்தார்கள். கட்டட வேலையில் தரையில் ஒருவர் நின்று கை காட்டுவார். மேலே இருப்பவர் அதன்படி கொக்கியை ஏற்றி இறக்குவார். மடக்கிய கை தோளுக்குமேல் போனால் நில். அதே கை விரிந்து முன்னால் வீசினால் போகலாம். நில் என்று சொன்னவர் போகலாம் என்று சொல்லும்வரை உலகமே இடிந்தாலும் அசையக் கூடாது. அந்த அம்மாள் முன்னால், கைகாட்டி. இவர் பின்னால், கிரேன். முப்பது வருடம் இப்படித்தான். “கீழ ஆள் இல்லாம கொக்கிய அசைக்கக் கூடாது. அது சட்டம்” என்பார். முன்னால் ஓர் ஆள் இல்லாமல் காட்டில் கால் வைப்பதும் அவருக்கு அதே சட்டத்தில் அடக்கம்.

மலைப் பூங்காவில் மேல் பள்ளத்தாக்கு என்று ஓர் இடம். மலையாடுகள் கோடையின் கடைசியில் அங்கே உப்பு மண்ணை நக்க இறங்கி வரும். அதிகம் பேரை விடமாட்டார்கள். குலுக்கலில் பெயர் விழ வேண்டும். கரடிகள் இருப்பதால் தனியாளாகவும் விடமாட்டார்கள், குறைந்தது இருவர். வருடா வருடம் அந்த அம்மாள் பெயரில்தான் விண்ணப்பம் போகும். வருடா வருடம் இல்லை என்று பதில் வரும். இந்த முறை விழுந்தது. பதில் வந்த அன்று அவர் கடையிலிருந்து கிரேனுக்கே போன் செய்து சொன்னார்.

பனிக்காலம் முடிவதற்குள் அந்த அம்மாள் இறந்துபோனார். வயிற்றில் கட்டி. தெரிந்தபோது நேரம் கடந்திருந்தது.

இரண்டு பேருக்கான அனுமதி அப்படியே இருந்தது. அந்த வார வெள்ளிக்கிழமைக்குள் பூங்கா அலுவலகத்துக்கு இன்னொரு பெயரைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடும். இன்னொரு முறை விழும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. போவதா வேண்டாமா என்பதில் மாடிவீட்டுக்காரருக்கு ஒரு கணமும் சந்தேகம் வரவில்லை. ஆள்தான் வேண்டும். ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதும் அவருக்குத் தெரியும். கட்டட வேலைக்குப் புதிதாக வருகிறவரை எப்படிச் சோதிப்பார்களோ அப்படித்தான்.

சோதனைக்களம் ஊரின் விளிம்பிலிருக்கும் குடிநீர் ஏரி. சுற்றிலும் கரை, கரைமேல் நடைபாதை. வட்டப் பாதை என்பதால் யாரும் தொலைந்துபோக வழியில்லை என்று அவர் நம்பினார்.

முதலில் பக்கத்துவீட்டு மருந்துக்கடைக்காரர். நல்லவர். தங்கமான மனிதர். மௌனத்தை மட்டும் அவர் ஒரு வியாதியாகப் பார்த்தார். எங்கே கண்டாலும் உடனே குணப்படுத்திவிடுவார். கரையில் ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நின்றது. மருந்துக்கடைக்காரர் சைகையை மறக்காமல் கையை மடக்கித் தூக்கினார். மாடிவீட்டுக்காரர் நின்றார். அவ்வளவு நேரம் எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் மருந்துக்கடைக்காரர், தன் சித்தப்பாவும் இப்படித்தான் ஒற்றைக்காலில் நிற்பார் என்றும், அது நரம்புக் கோளாறு என்றும், அதற்கு என்னென்ன மாத்திரை என்றும் தொடங்கினார். கொக்கு முழுக் கதையையும் கேட்க நிற்கவில்லை.

அடுத்தது மைத்துனர், அந்த அம்மாளின் தம்பி. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பிழைப்பு முழுவதும் அடுத்தவர் பிரேக் போடுவார்களா மாட்டார்களா என்ற பயத்திலேயே போனதால், எல்லாவற்றுக்கும் கை தூக்கினார். ஒரு கல்லுக்கு நில். ஒரு குட்டைக்கு நில். எதிரே வந்த குழந்தை வண்டிக்கு நீண்ட நில். பாதி ஏரிகூடச் சுற்றி முடியவில்லை, வெயில் ஏறிவிட்டது.

“மாப்ள, ஏரியச் சுத்த வந்தோமா, ஏரிக்குக் காவல் இருக்க வந்தோமா?”

“பாதுகாப்பு முக்கியம் அத்தான்.”

கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபோது மைத்துனர் மனசில் இருந்ததைச் சொன்னார். அக்கா போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஊரில் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பது இருக்கட்டும்; அங்கே போய் நின்றால் இவருக்குத்தான் தாங்காது. “இந்த வருஷம் விட்டுடுங்க அத்தான். அக்கா இல்லாம என்ன மலை?” என்றார். மாடிவீட்டுக்காரர் பாட்டிலை மூடினார். “மலை இருக்குதுல்ல” என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவரிடம் யாரும் பேச முடியாது. ஆனால் மைத்துனர் வீட்டுக்குப் போனதும் மகளுக்குப் போன் போட்டுவிட்டார்.

மகளை இவர் கேட்கவே இல்லை. கேட்டால் வந்துவிடுவாள், அதுதான் பிரச்சினை. தாய் நின்ற இடத்தில் அவளை நிறுத்துவது, ஆள் போதவில்லை என்று வேறு வேலைக்காரரை இழுத்துவந்து நிறுத்துவதுபோல் இருக்கும் என்று அவருக்குப் பட்டது. தவிர, அம்மா போனதிலிருந்து அவள் வேலை, மழை, சாப்பிட்டீங்களா என்ற மூன்றைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை. இவரும் அவளிடம் வேறெதுவும் பேசியதில்லை.

அவள் மறுநாள் மாலை வந்தாள். வேலை உடையோடு, முழங்கையில் கிரீஸோடு. தடுத்து நிறுத்தத்தான் வந்தாள், முகத்திலேயே எழுதியிருந்தது. மேசைமேல் இஸ்திரி போட்ட வரைபடம் விரிந்து கிடந்தது. பென்சிலால் பாதை குறித்திருந்தது. அவள் நின்றபடியே பார்த்தாள். எந்தத் திட்டத்தையும் திருத்தாமல் தாண்டிப்போக அவளால் ஆகாது, பரம்பரை வியாதி. இந்த இறக்கத்தை மாலையில் வைத்தால் வெயில் கண்ணில் அடிக்கும் என்றாள். காற்றைப் பார்த்துத்தான் வைத்தேன் என்றார். காற்று மாறினால் என்று கேட்டாள். மாறினால் இந்தச் சுற்று என்று இன்னொரு கோட்டைக் காட்டினார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் எங்கே நிரப்புவது, ஓடையில் பாலம் இல்லாவிட்டால் எங்கே தாண்டுவது, தங்கும் குடிசையில் அடுப்பு உண்டா. தேநீர் ஆறி, மறுபடி சுடவைத்து, மறுபடி ஆறியது. மலையைப் பற்றிப் பேசும்போது இருவருக்கும் வாய் தடையில்லாமல் வந்தது.

கடைசியில்தான் கேட்டாள்.

“என்னை ஏன் கேக்கல?”

“உனக்கு வேலை இருக்கும்.”

“மருந்துக்கடை சாருக்கு இல்லையா?”

மாடிவீட்டுக்காரர் வரைபடத்தில் இல்லாத ஒரு சுருக்கத்தைக் கையால் நீவினார். நாளைக் காலையில் ஏரிக்கு வா என்றார். மகளாக இருந்தாலும் சோதனை சோதனைதான்.

மறுநாள், வியாழக்கிழமை, விடிந்தும் விடியாமல் இருவரும் கரையேறினார்கள். அவர் விதிகளைச் சொன்னார். முன்னால் போகிறவர் பேசக் கூடாது. மடக்கிய கை என்றால் நில், விரித்த கை என்றால் போ. முக்கியமாக, முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் செருப்பு சரளையில் அரைபடும், பை உரசும், ஓர் அசைவு போதும் மிருகம் கலைந்துவிடும். பின்னால் வருகிறவர் வருவார் என்று நம்பிப் போக வேண்டும். மகள் தலையாட்டினாள். விதி என்றால் அவளுக்குப் பிடிக்கும். லிஃப்ட் வேலையே விதிதான்.

அவள் நன்றாகவே நடந்தாள். சத்தம் இல்லை. ஏரியோரப் புல்லில் ஏதோ அசைந்தபோது சரியாக நிறுத்தினாள், சரியாக விட்டாள். மாடிவீட்டுக்காரருக்கு உள்ளுக்குள் நிம்மதி வந்தது. இந்த ஆள் போதும் என்று தீர்மானித்துவிட்டார். அப்போது கரை வளைகிற இடத்தில் அவள் தோளிலிருந்து பை நழுவியது. வாரைப் பிடித்து மேலே ஏற்றினாள். மடக்கிய கை தோளுக்குமேல் போய் ஒரு நொடி நின்றது.

அவர் நின்றார்.

அவள் போய்க்கொண்டே இருந்தாள். அவள்தான் நிறுத்தியதாக அவளுக்கே தெரியாது. திரும்பிப் பார்ப்பதும் கூடாது. பின்னால் வருகிறவர் வருவார் என்று நம்பிப் போனாள். வளைவில் மறைந்தாள்.

அவர் என்ன செய்வார்? நில் என்று சொன்னவர் போகலாம் என்று சொல்லவில்லை. சொல்லும்வரை அசையக் கூடாது. அவள் எதையோ பார்த்திருக்கிறாள், பதுங்கிப் போய் நெருங்கிப் பார்க்கிறாள் என்று முதலில் நினைத்தார். பரவாயில்லையே என்றுகூட நினைத்தார். சூரியன் ஏரிக்குமேல் வந்தது. நாயோடு நடக்க வந்த ஒருவர் தாண்டிப்போய், சந்தேகப்பட்டுத் திரும்பிவந்து, ஏதாவது உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரித்தார். “இல்ல, நிறுத்தியிருக்காங்க” என்றார் இவர், உதட்டை அதிகம் அசைக்காமல். அந்த மனிதர் நாயை இழுத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். நாய் மட்டும் போகும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தது.

வட்டப் பாதை. மகள் ஏரியை முழுசாகச் சுற்றிக்கொண்டு, கிளம்பிய இடத்தையும் தாண்டி, அதே வளைவுக்குப் பின்பக்கமாக வந்து சேர்ந்தாள். முன்னால் யாரோ ஒருவர் பாதையின் நடுவில் தந்திக் கம்பம்போல நிற்பதைப் பார்த்தாள். முதுகைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

“அப்பா?”

“திரும்பலாமா?” என்று கேட்டார் அவர்.

“எவ்வளவு நேரமா இங்க நிக்கிறீங்க?”

“நீ நிறுத்துன. விடல.”

“நான் எப்ப நிறுத்துனேன்? பை நழுவுச்சு. திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

அவள் கரைச் சரிவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள். கிரீஸ் படிந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அவருக்கும் தொற்றிக்கொண்டது. இருவரும் இப்படிச் சிரித்து மாதங்கள் ஆகியிருந்தன. எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள், அம்மா எத்தனை முறை இப்படி இவரை நட்டுவைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று.

“ஒரு தடவைகூட இல்லம்மா.”

“எப்படி?”

அவர் யோசித்தார். இதை அவர் இதுவரை யோசித்ததில்லை.

“அவ திரும்பிப் பாப்பா. நாலு எட்டு வச்சா ஒருக்கா. திரும்பாத, திரும்பாதன்னு முப்பது வருஷம் திட்டினேன். ஒரு நாளும் கேக்கல.”

ஏரியில் காற்று கிளம்பி, தண்ணீர் அவர்கள் பக்கமாக நெளிந்து வந்தது.

மறுநாள் காலை கிரேனுக்குப் போகுமுன் அவர் பூங்கா அலுவலகத்துக்குப் போன் செய்தார். மகள் கதவோரம் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். விண்ணப்பித்தவருக்குப் பதிலாக இன்னொரு பெயரைச் சேர்க்க வேண்டும் என்றார். எதிர்முனையில் ஓர் இளைஞன், மரியாதையான குரல். விண்ணப்பித்தவர் தானாக விலகினால் அனுமதி ரத்தாகிவிடும், பெயர் மாற்ற முடியாது என்றான். அவர் விலகவில்லை என்றார் இவர். அப்படியென்றால் அவரே வருகிறாரா என்று கேட்டான். வரவில்லை. காரணம் சொன்னால்தான் மாற்றித் தர முடியும், மன்னிக்கணும் என்றான்.

ஆறு மாதமாக மாடிவீட்டுக்காரர் அந்தச் சொல்லைச் சுற்றிக்கொண்டுதான் போனார். அவ இருந்தப்போ, அவ போனப்புறம், அப்படி ஆனதுக்குப் பிறகு. மகளிடம் இதுகூடக் கிடையாது. போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தார். மறுபடி வைத்தார்.

“என் மனைவி இறந்துட்டாங்க” என்றார். கொக்கியில் தொங்கும் பாரத்தின் எடையைக் கீழே சொல்லும் அதே குரலில். “கூட வர்றது என் பொண்ணு.”

மகளின் பெயரைக் கேட்டான். சொன்னார். கதவோரம் கயிறு கட்டும் கை நின்றுபோயிருந்தது. அவர் போனை வைத்துவிட்டு, கொக்கியிலிருந்து சாவியை எடுத்து, நேரமாச்சு, கிளம்பு என்றார்.

மூட்டை கட்டுவதில் பெரிய தகராறு இல்லை. மகள் ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து எடை பார்த்தாள். அவர் எடுத்துவைத்த தொலைநோக்கிகள் இரண்டில் ஒன்றை வெளியே வைத்தாள். அவளுக்குத் தெரியாமல் மறுபடி உள்ளே வைத்தார். அவளும் தெரியாததுபோல் விட்டுவிட்டாள். மருந்துக்கடைக்காரர் ஒரு பை நிறைய மாத்திரை கொண்டுவந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொல்லி ஒப்படைத்தார். மைத்துனர் ரயில் நிலையம்வரை காரில் கொண்டுவிட்டார். எல்லாச் சிக்னலிலும், பச்சை விழுந்த பிறகும், ஒரு மூச்சு விட்டுத்தான் எடுத்தார். இறங்கும்போது, மலையாடு பார்த்தால் படம் எடுத்து அனுப்புங்கள் அத்தான் என்றார். காரின் பின்கதவு நன்றாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

சதுப்புநிலப் பூங்காவில் மகள் முன்னால் நடந்தாள். ஏரிக்கரை விதியை இப்போது யாரும் பேசவில்லை. அவள் நாலு எட்டுக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பலகைப் பாதை அவளுக்குக் கீழே மெல்ல அதிர்ந்தது. கோரைப்புல் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. நாரைகள் கூட்டமாக எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, அதே இடத்தில் இறங்கின. ஒரு நீர்நாய் மல்லாந்து மிதந்துகொண்டு எதையோ கடித்தது. அவள் நிறுத்தினாள். அவர் நின்றார். அவள் விட்டாள். அவர் நடந்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகம் தெளிவாக இருந்தது. திரும்பாத நேரத்தில் அவர் கண்ணுக்குத் தெரிந்தது முதுகு. அந்த முதுகு ஓரிடத்தில், பறவைகள் ஒன்றுமில்லாத வெறும் தண்ணீருக்கு எதிரே, கை தூக்காமலேயே நின்றது. தோள்பட்டை இரண்டு முறை ஏறி இறங்கியது. அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிறகு திரும்பி, தெளிவான முகத்தோடு அவரைப் பார்த்தாள்.

அதே பலகைப் பாதையில் போன வருடம் அவர் மனைவி இரண்டு முறை வயிற்றோரம் கையூன்றி நின்றார். ஏதோ மிருகம் தென்பட்டிருக்கிறது என்று இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாள் திரும்பி, சிரித்து, கையை விரித்து வீசினார். இவர் நடந்தார்.

அன்று மாலை விடுதியில் மாடிவீட்டுக்காரர் வரைபடத்தைத் திறக்கவில்லை. மகள் தூங்கிய பிறகு அவளுடைய ஷூவை எடுத்து, விளக்குக்குக் கீழே திருப்பி, அடியில் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. மறுபடியும் பார்த்தார்.

மலைப் பூங்காவின் மேல் வாயிலுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பனிமூட்டம் மரங்களின் நுனியிலிருந்து கழன்றுகொண்டிருந்தது. காற்று பள்ளத்தாக்கிலிருந்து இறங்கி நேராக முகத்தில் அடித்தது, அவர் கணக்கிட்டபடியே. வாயிலில் ஒரு பெண் வனக்காவலர். அனுமதியைச் சரிபார்த்தார். உணவை எப்படிக் கட்டி உயரத்தில் தொங்கவிடுவது, கரடி எதிர்ப்பட்டால் என்ன செய்யக் கூடாது என்பதை நிதானமாகச் சொன்னார். நேற்று மலையாடுகள் உப்புத் திட்டுக்கு வந்ததாகவும், குட்டிகள் மூன்று இருப்பதாகவும் சொன்னார். அப்புறம் இழுப்பறையைத் திறந்து, ஆரஞ்சு நிறக் கயிற்றில் கோத்த ஒரு விசிலை எடுத்தார்.

“முன்னால போறவங்க இதக் கழுத்துல போட்டுக்கணும். மூணு தடவ ஊதுனா நாங்க வந்துருவோம்” என்றார். “யாரு முன்னால?”

மகள் கை நீட்டி வாங்கினாள். அது கேள்வியே இல்லை என்பதுபோல வாங்கினாள். தலைவழியாகப் போட்டுக்கொள்வதற்காகக் கயிற்றை இரண்டு கைகளாலும் அகலமாக விரித்தாள்.

மாடிவீட்டுக்காரர் அவளைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றி இடுக்கிக்கொண்டு, அவள் உயரத்துக்குத் தலையைக் குனிந்து, கழுத்தைக் காட்டினார்.